நாற்பது பேர் தூங்கும் சுவர்

என் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். முதுகுக்கு நான் வாங்கி வைத்த திண்டு முதற்கொண்டு எல்லாம் அப்படியே இருந்தன, ஆள்தான் மாறியிருந்தான். ஏழு மாதம் லீவில் பிள்ளை பெற்று, பால் கொடுத்து, ஒரு நாள்கூடச் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் தூங்காமல் வேலைக்குத் திரும்புகிறவளுக்கு அண்ணன் வைத்திருந்த வரவேற்பு இதுதான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது.

உட்கார்ந்திருந்தவன் அண்ணியின் தம்பி. நான் இல்லாத நேரத்துக்கு மட்டும் என்று சொல்லிச் சேர்க்கப்பட்டவன். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்து, "வாங்கக்கா" என்றான். அண்ணன் உடனே அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, எனக்கு ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டினான். இப்போதைக்கு அங்கே இரு, மெதுவாகப் பழகிக்கொள் என்றான். நான் என்ன புதிதாகச் சேர்ந்தவளா பழகிக்கொள்வதற்கு? அந்த ஆபீசில் முதல் ஒயரை இழுத்தவளே நான்தான்.

சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள், அதுதான் எங்கள் கம்பெனி. கடைகளிலும் மேடைகளிலும் பெரிய கட்டடங்களின் வரவேற்பறைகளிலும் சுவர் முழுக்கப் படம் ஓட வைப்பது தொழில். அண்ணன் ஆளைப் பிடிப்பான், பேசுவான், கை குலுக்குவான். மீதியெல்லாம் என் தலையில்.

எங்கள் வேலையில் கம்ப்யூட்டர் நிரலை எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைப்போம். ஒரு பெட்டி வீடியோவை ஓட்டும், இன்னொன்று வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், இன்னொன்று இரண்டு வீடியோக்களைக் கலந்து ஒன்றை மறைத்து மற்றதைக் காட்டும். பெட்டிக்குப் பெட்டி ஒயர் இழுத்துவிட்டால் இதிலிருந்து புறப்படுவது அதற்குப் போய்ச் சேரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டலாம், ஒட்டலாம், மாற்றம் அந்த நொடியே சுவரில் தெரியும். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் தையல் கூடையைக் கவிழ்த்துப் போட்டதுபோல இருக்கும். அண்ணன் விவரம் தெரியாதவன். முதலாளி என்பதால் என்னைத் தவிர யாரும் அதை அவனிடம் சொன்னதில்லை.

அவன் வேலையை அளக்கும் விதமே தனி. திரையில் பெட்டிகள் நிறைய இருந்தால் நிறைய உழைப்பு. ஒயர்கள் பின்னிக் கிடந்தால் அபார மூளை. அண்ணியின் தம்பியோ ஒயர் இழுப்பதில் சளைக்காதவன். அவன் திரையை எட்டிப் பார்த்த முதல் நிமிடமே அவனுக்கு நூடுல்ஸ் என்று பெயர் வைத்துவிட்டேன். மனசுக்குள்தான். மத்தியானத்துக்குள் வாய்விட்டே கூப்பிட ஆரம்பித்தேன். பாவம், அவனும் "என்னக்கா" என்று திரும்பிப் பார்த்தான்.

அந்த வாரம் கையில் இருந்தது ஒரு மெத்தைக்காரரின் வேலை. புதிதாகப் பெரிய ஷோரூம் திறக்கிறார். உள்ளே ஒரு சுவர் நிறைய மனிதர்கள் தூங்க வேண்டும். நாற்பது வீடியோக்கள் எடுத்துக் கொடுத்திருந்தார். மீசைக்காரர், பள்ளிக்கூடச் சிறுமி, வாயைப் பிளந்த ஒரு வக்கீல், குண்டுப் பூனை ஒன்று. எல்லாமே மேலிருந்து எடுத்தவை, எல்லாருடைய தலையும் தலையணையில் ஒரே இடத்தில். ஒருவர் மெல்லக் கரைந்து இன்னொருவராக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திறப்பு.

நூடுல்ஸ் செய்து வைத்திருந்ததை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது வீடியோவுக்கும் நாற்பது பெட்டி, நாற்பதும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அவற்றை இரண்டிரண்டாகக் கலக்க முப்பத்தொன்பது பெட்டிகள். சுவரில் தெரிவது ஒருவர், மாறும்போது இருவர். மீதி முப்பத்தெட்டுப் பேரும் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தார்கள். மறைத்துவிட்டால் வேலை நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறான். கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது, அதன் மின்விசிறி கீழே சைக்கிள் கடை வரைக்கும் கேட்டது. படமோ விட்டு விட்டுத் துள்ளியது. நிம்மதியாகத் தூங்க வேண்டிய வக்கீல் வலிப்பு வந்தவர்போல வெட்டி வெட்டி இழுத்தார்.

அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எவ்வளவு பெரிய வேலை பார்த்தாயா, இந்தக் கம்ப்யூட்டரே தாங்கவில்லை, இன்னொன்று வாங்கப் போகிறேன் என்று பெருமைப்பட்டான்.

இன்னொன்றும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், வீடியோ ஓட்ட இரண்டே பெட்டி போதும் என்றேன். ஒன்று சுவரில் ஓடும்போது மற்றது அடுத்த வீடியோவை எடுத்துக்கொண்டு முதல் காட்சியிலேயே காத்திருக்கும். நேரம் வந்ததும் இரண்டையும் எட்டு வினாடி கலக்க வேண்டும். முதலாவது மறைந்ததும் அதன் வீடியோவை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளும். இப்படி மாற்றி மாற்றி. நாற்பது என்ன, நானூறு வந்தாலும் இரண்டுதான்.

"அப்ப மத்த முப்பத்தெட்டு பேர்?"

"தூங்கட்டும். அதுக்குத்தானே வந்திருக்காங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்யுங்கள், வியாழக்கிழமை பார்க்கிறேன், யாருடையது ஷோரூமுக்குப் போகிறதோ அவர்களுக்கு அந்த நாற்காலி, மற்றவர் ஸ்டூலில் உட்கார்ந்து உதவி செய்யட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். நாற்காலி என்றால் வெறும் நாற்காலி இல்லை. பெரிய வேலைகள் எல்லாம் அதில் இருப்பவருக்குத்தான் வரும். ஸ்டூலில் இருப்பவர் கேபிள் சுற்ற வேண்டியதுதான். சொந்த அண்ணன் என்னிடம் இப்படிச் சொன்னது சுருக்கென்று தைத்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கக்கூசுக்குப் போய் இரண்டு நிமிடம் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டேன். மொத்தம் ஒன்பது பெட்டிகள். வீடியோ ஓட்ட இரண்டு, கலக்க ஒன்று, வீடியோக்கள் கிடக்கும் கோப்புறையிலிருந்து அடுத்தவரைப் பொறுக்க ஒன்று, நேரம் பார்க்க ஒன்று, சில்லறை வேலைகளுக்கு நாலு. மிச்ச நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, மூச்சை உள்ளே இழுக்கும் இடம் எது என்று குறித்து வைத்தேன். ஒருவர் மூச்சை விடும்போது அடுத்தவர் இழுக்கத் தொடங்குவார். மார்பு ஏறி இறங்குவது நிற்காது, ஆள்தான் மாறியிருப்பார். தூங்குகிறவர்களின் மூச்சை ராத்திரியும் பகலுமாக ஏழு மாதம் பார்த்தவள் நான். இதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

வியாழக்கிழமை ஓட்டிக் காட்டினேன். துள்ளல் இல்லை, சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றுகிறதா என்று நூடுல்ஸ் காதை வைத்துப் பார்த்தான். அண்ணன் சுவரைப் பார்க்கவே இல்லை. என் திரையைப் பார்த்தான், அதில் இருந்த ஒன்பது பெட்டிகளை விரலால் எண்ணினான்.

"இவ்வளவுதானா? மூணு நாளா இதையா பண்ண?"

மெத்தைக்காரர் திரையைப் பார்த்தால் என்ன நினைப்பார், விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறதே என்றான். வீட்டில் பிள்ளையோடு இருந்துவிட்டு வந்ததில் கை தளர்ந்திருக்கும், அது இயல்புதான் என்று ஆறுதல் வேறு சொன்னான். சாயங்காலத்துக்குள் கொஞ்சமாவது உழைத்துக் கொண்டுவா, இல்லையென்றால் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கி அவனுடையதையே போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, சாப்பிடப் போனான்.

உழைப்பா வேண்டும்? இந்தா, வயிறு நிறைய வாங்கிக்கொள் என்று உட்கார்ந்தேன்.

மூன்று மணி நேரத்தில் முந்நூறு பெட்டிகள் போட்டேன். ஒன்றுக்கும் ஒரு வேலையும் கிடையாது, கம்ப்யூட்டரின் மூச்சையும் தின்னாது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒயர் புறப்பட்டு, வளைந்து, நெளிந்து, ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் வெறும் இடத்தில் போய் நிற்கும். சிலவற்றில் எண்கள் மினுமினுக்க வைத்தேன். பெயர்களும் வைத்தேன். மூச்சு சீராக்கி. இமை அதிர்வுத் தடுப்பு. கனவு வடிகட்டி. கொட்டாவி முன்னறிவிப்பு. என் ஒன்பதும் அந்தக் காட்டுக்கு நடுவில் எங்கோ ஒளிந்துகொண்டன. செய்யச் செய்ய எனக்கு ஒரே குஷி. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்து வருஷக்கணக்காகிவிட்டது.

அண்ணன் வந்து பார்த்தான். கண் இரண்டும் விரிந்தன. "இது வேலை" என்றான். கொட்டாவி முன்னறிவிப்பு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டான். நானும் முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் பத்து நிமிடம் காதில் பூச்சுற்றினேன்.

அண்ணன் போன பிறகும் நூடுல்ஸ் மட்டும் நகரவில்லை. ஓர் ஒயரைப் பிடித்துக்கொண்டு திரையில் விரலை வைத்து ஊர்ந்து ஊர்ந்து போனான். கால் மணி நேரம் கழித்து அந்த விரல் வெறும் இடத்தில் வந்து நின்றது. மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தான். போச்சு, இவன் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு ஸ்டூல்தான். அவனுக்கும் அந்த நாற்காலி வேண்டும்தானே.

"அக்கா, என்னோட முப்பத்தெட்டும் இப்படித்தான், இல்ல?" என்றான். "உங்களுது சும்மா நிக்குது. என்னுது சும்மா ஓடுது."

அண்ணனிடம் அவன் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அவனை எனக்குப் பிடித்துவிட்டது. அதற்காகப் பெயரை மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஷோரூமில் நல்ல கூட்டம். வரிசையாக மெத்தைகள், மேலே புதுப் பிளாஸ்டிக் வாசனை, எதிரே சுவர் நிறைய எங்கள் தூக்கக்காரர்கள். சிறுமியின் கன்னம் கரைந்து மீசைக்காரரின் தாடையாகிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் தங்களை அறியாமல் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மெத்தைக்காரர் நாலைந்து பெரிய மனிதர்களோடு எங்கள் மேஜைக்கு வந்து, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். அண்ணன் இதற்காகவே காத்திருந்தவன்போல, சுவரை ஓட்டிக்கொண்டிருந்த லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான்.

கொட்டாவி முன்னறிவிப்பைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன் என்று எதையோ பிடித்து எதையோ அமுக்கினான். நாற்பது பெட்டிகள் மாயமாக மறைந்தன.

அண்ணனுக்கு முகம் வெளுத்தது. மெல்லச் சுவரைப் பார்த்தான். மீசைக்காரர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் திருதிருவென்று விழித்தான். ஆனால் வாயால் பிழைக்கிறவன் இல்லையா, சட்டென்று சமாளித்துக்கொண்டான். பார்த்தீர்களா எங்கள் கட்டுமானத்தின் பலத்தை, பாதியை வெட்டினாலும் ஓடும் என்று சொல்லிவிட்டான். பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு கொத்தைச் சுருட்டிப் பிடித்து வெட்டினான். இன்னொன்று. இமை அதிர்வுத் தடுப்பு போனது, கனவு வடிகட்டி போனது. சுவரில் பூனை தூங்கியது.

அடுத்து அவன் கை எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் இருந்த அந்தச் சின்னப் பெட்டிதான் இரண்டு வீடியோக்களையும் கலக்கும் பெட்டி, மொத்தச் சுவருக்கும் உயிர். அதை வெட்டினால் திறப்பு விழாவில் எல்லார் எதிரிலும் சுவர் கருப்பாகிவிடும். வாயைத் திறந்தால் என் முந்நூறு பெட்டிகளின் குட்டு வெளிப்பட்டுவிடும், நாற்காலியும் போகும். நூடுல்ஸ் தொண்டை கிழிய இருமிப் பார்த்தான். பிறகு அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். அண்ணன் கையைத் தட்டிவிட்டான்.

தூங்குகிற பூனையைப் பார்த்தேன். அதன் மூச்சைக் குறித்தவள் நான். என் கண்முன்னால் அதை நிறுத்த விட முடியவில்லை.

"அண்ணா, அதைத் தொடாத. அது நிஜம்."

"அப்ப மத்ததெல்லாம்?"

நான் லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெத்தைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எத்தனை பெட்டிதான் நிஜம் என்று கேட்டார். ஒன்பது என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என் பக்கம் குனிந்தார்.

"எங்க ஏழடுக்கு மெத்தையில நாலடுக்கு வெறும் துணிம்மா. மூணடுக்குன்னு சொன்னா எவனும் வாங்க மாட்டேங்கறான்."

சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலப் பெரிய மனிதர்களைத் தலையணைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். அவர் தப்பித்துவிட்டார், நான் மாட்டிக்கொண்டேன். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, நாலு பேர் நடுவில் என் மானத்தை வாங்கிவிட்டாயே, திங்கட்கிழமையிலிருந்து உனக்கு ஸ்டூல்கூடக் கிடையாது என்றான்.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. சத்தம் போடவில்லை, அங்கே சத்தம் போட முடியாது.

"ஒம்போது காட்டுனேன், நீ நம்பல. முந்நூறு காட்டுனேன், நம்புன. பிள்ளை பெத்ததுல கை தளந்துடுச்சுன்னு சொன்னியே, இத்தனை நேரத்துல ஒரு தடவையாவது சுவரைப் பாத்தியா?"

அவன் வீம்பாக, சரி பார்க்கிறேன், எந்த இடத்தில் மாறுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறேன் பார் என்று போய் எதிரே இருந்த மெத்தையில் உட்கார்ந்தான். வாரம் முழுக்க அலைந்தவன். வக்கீல் சிறுமியானார், சிறுமி மீசையானாள். எங்கே மாறியது என்று அவன் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான்காவது ஆளுக்கு அண்ணன் தலையணையில் சாய்ந்தான். ஆறாவது ஆளுக்குக் குறட்டை வந்துவிட்டது.

மெத்தைக்காரர் பூனைபோல நடந்து என் பக்கத்தில் வந்தார். அவர் கண்ணில் இருந்த குறும்பு எனக்கு உடனே புரிந்தது. இவரையும் சேர்க்க முடியுமா என்று கண்ணாலேயே கேட்டார். பல்பு மாட்ட வைத்திருந்த ஏணியை நூடுல்ஸ் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்து பிடித்துக்கொண்டான். நான் ஏறினேன். மேலிருந்து போனில் ஒரு நிமிடம் எடுத்தேன். சொந்த அண்ணன் தூங்குவதைச் சின்ன வயதுக்குப் பிறகு இத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இல்லை.

கீழே வந்து மூச்சு ஏறும் இடத்தைக் குறித்தேன், வீடியோவைக் கோப்புறையில் போட்டேன். அவ்வளவுதான் வேலை. புதுப் பெட்டியும் இல்லை, புது ஒயரும் இல்லை. சுவரில் குண்டுப் பூனை மூச்சை விட்டது. அதன் மீசைமுடிகள் மெல்லக் கரைந்தன. அந்த இடத்தில், சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அண்ணன் வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தான்.

கூட்டம் சுவரைப் பார்த்தது, மெத்தையைப் பார்த்தது, பிறகு கொல்லென்று சிரித்தது. அந்தச் சத்தத்தில் அண்ணன் திடுக்கிட்டு எழுந்தான். எதிரே சுவரில் தானே படுத்திருப்பதைப் பார்த்து மெத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அசடு வழிய எழுந்து எங்களிடம் வந்தான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் நூடுல்ஸிடம், உன்னுடையதில் ஒரு ஆளைப் புதிதாகச் சேர்க்க எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டான்.

"ஒரு நாள் ஆகும், மாமா."

இவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டான். நீங்கள் தூங்கி எழுவதற்குள் என்றான் நூடுல்ஸ்.

அண்ணன் லேப்டாப் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தான். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிடு, உன் நாற்காலி உனக்கு, இவனுக்கு நல்லதாக இன்னொன்று வாங்குகிறேன் என்றான். அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஆனால் அதை அவனுக்குக் காட்டிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

"பத்து மணிக்குத்தான் வருவேன். நாலு மணிக்குக் கிளம்பிடுவேன். பிள்ளை இருக்கு."

அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன வேலை நடக்கும் என்று கேட்க அண்ணன் வாயைத் திறந்தான். கண் தானாகச் சுவருக்குப் போனது. வாயை மூடிக்கொண்டு, சரி என்றான். சுவரில் மட்டும் அவன் வாய் திறந்தே இருந்தது.